சுட்டியின் உருளை திசை மாறினால்

கணினியோடு இணைந்த சுட்டியின் நடுவே, இரண்டு பொத்தான்களுக்கு இடையில், ஒரு சிறிய உருளை இருக்கும். மவுஸ் என்று பலரும் அழைக்கும் இக்கருவி, திரையில் ஓர் இடத்தைச் சுட்டிக் காட்டுவதால் தமிழில் சுட்டி என்று பெயர் பெற்றது. அ, இ, உ ஆகியவற்றைச் சுட்டெழுத்துகள் என்று இலக்கணம் கூறுவதும் சுட்டுதல் என்னும் இதே வினையைக் கொண்டுதான். குறும்பு செய்யும் குழந்தையையும் சுட்டி என்பர். உருளை திடீரென்று எதிர்த்திசையில் வேலை செய்யத் தொடங்கினால், இந்த இரண்டாம் பொருளே பொருத்தமாகத் தோன்றும்.

பாடப்பகுதி ஒன்றின் அடியில் உள்ள வினாவைப் படிக்க விரும்பும் மாணவி, வழக்கம்போல் உருளையைத் தன் பக்கமாக உருட்டுகிறாள். எழுத்துகள் மேலே செல்லவில்லை, கீழே இறங்குகின்றன. சுட்டி கெட்டுவிட்டது என்று எண்ணி வீட்டில் சொல்ல, புதிய சுட்டி வாங்கப்படுகிறது. அதுவும் அவ்வாறே செய்கிறது. பழுது சுட்டியில் இருந்தால்தானே புதியது வாங்கிப் பயன் உண்டு! காரணத்தை முதலில் அறிந்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

உருளையின் திசையைப் பற்றி இருவேறு எண்ணங்கள் உள்ளன. புது தில்லியிலிருந்து சென்னைக்குத் தமிழ்நாடு விரைவு வண்டியில் செல்லும்போது சன்னலருகே அமர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வண்டி முன்னே செல்கிறது. மரங்களோ பின்னே ஓடுவதுபோல் தோன்றுகின்றன. உண்மையில் நகர்வது சன்னல்தான். பழைய முறையில் கணினித் திரையும் அப்படிப்பட்ட ஒரு சன்னலே. உருளையைத் தன் பக்கமாக உருட்டினால் சன்னல் கீழே செல்கிறது. அதனால் எழுத்துகள் மேலே ஏறுவதுபோல் தெரிகின்றன. மற்றொரு முறையில் சன்னல் அசைவதில்லை. கைப்பேசித் திரையை விரலால் தள்ளுவதுபோல் எழுத்துகளையே நாம் தள்ளுகிறோம். உருளையை முன்னோக்கித் தள்ளினால் எழுத்துகளும் மேலே போகும்.

1996ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இன்டெலிமவுஸ் என்னும் சுட்டியை வெளியிட்ட பின் உருளை பரவலாயிற்று. அதில் இருந்தது முதல் முறையே. 2011இல் ஆப்பிள் நிறுவனம் தன் லயன் இயங்குதளத்தில் திசையை மாற்றி, அதற்கு இயற்கை உருட்டல் என்று பொருள்படும் பெயரை இட்டது. பெயர் சற்று மிகையானதே. பத்து ஆண்டுகள் பழகியவருக்குப் பழைய முறைதான் இயற்கை. கைப்பேசியோடு வளர்ந்த குழந்தைக்குப் புதியதே இயற்கை.

லினக்ஸ் இயங்குதளம் இவற்றுள் எதையும் கட்டாயமாக்குவதில்லை. கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பயன்படுவதும், சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்பதும் லினக்ஸ் வகைகளே. லினக்ஸில் திரையின் தோற்றத்தையும் நடத்தையையும் கவனித்துக்கொள்ளும் பகுதியை டெஸ்க்டாப் சூழல் என்பர். க்னோம், கேடிஇ ஆகியவை அவற்றுள் புகழ்பெற்றவை. க்னோம் சூழலில் ஒரு விந்தை உண்டு. மடிக்கணினியின் தொடுபலகைக்குப் புதிய முறையும், சுட்டிக்குப் பழைய முறையும் தொடக்கத்திலேயே அமைக்கப்பட்டிருக்கும். ஒரே கணினியில் விரல் ஒரு திசையிலும் உருளை மறுதிசையிலும் இயங்குவதைக் கண்டு பலர் திகைப்பர். அது பழுதன்று. அமைப்புகள் பகுதியில் சுட்டிக்கும் தொடுபலகைக்கும் தனித்தனியே விசை உண்டு. ஒன்றை மாற்றினால் மற்றொன்று மாறாது. கேடிஇ சூழலிலோ இணைக்கப்பட்ட ஒவ்வொரு கருவிக்கும் தனி அமைப்பு இருக்கிறது. எனவே வேறு சுட்டியைச் செருகினால் அதற்கும் ஒருமுறை அமைக்க வேண்டியிருக்கும்.

அமைப்பைத் தொடுமுன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. உருளையை மெதுவாக ஒரே திசையில் உருட்ட வேண்டும். எழுத்துகள் எப்போதும் எதிர்த்திசையிலேயே சென்றால் காரணம் அமைப்பு. சிலமுறை மேலும் சிலமுறை கீழுமாகத் தடுமாறினால், உள்ளே தூசி படிந்திருக்கலாம். அல்லது உருளையின் சுழற்சியை அளக்கும் உறுப்பு தேய்ந்திருக்கலாம். அதற்கு எந்த அமைப்பும் மருந்தாகாது. துடைத்துப் பார்த்தும் சரியாகாவிட்டால் சுட்டியை மாற்றுவதுதான் வழி.

அடுத்து, இரண்டு மூன்று செயலிகளைத் திறந்து பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் திசை ஒன்றாக இருந்தால் டெஸ்க்டாப் சூழலின் அமைப்பில் மாற்றினால் போதும். ஒரு செயலியில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் இருந்தால் கதை சற்று நீளும்.

லினக்ஸில் நெடுங்காலமாகத் திரையை ஆண்டு வந்தது எக்ஸ் என்னும் சாளர முறைமை. அது உருளையின் அசைவைப் பொத்தான் அழுத்தமாகவே எண்ணியது. இடது, நடு, வலது பொத்தான்கள் 1, 2, 3. உருளை மேல்நோக்கி நகர்ந்தால் பொத்தான் 4, கீழ்நோக்கி நகர்ந்தால் பொத்தான் 5. திசையை மாற்ற விரும்பியவர்கள் எக்ஸ்மோட்மேப் என்னும் கட்டளையால் 4, 5 ஆகிய எண்களை இடம் மாற்றி, அதைத் தம் கோப்புறையில் ஒரு கோப்பாக எழுதி வைத்தனர். அக்கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்குவதால் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. எழுதியவர் மறந்துவிடுவார், கோப்பு மறக்காது. மேலும், பழைய செயலிகள் பொத்தான் எண்ணைப் பார்க்கின்றன. புதியவற்றுள் பல, உருளை நகர்ந்த அளவையே நேராகப் பெற்றுக்கொள்கின்றன. எண்களை இடம் மாற்றிய செய்தி இவற்றை எட்டுவதில்லை. செயலிக்குச் செயலி திசை வேறுபடுவது இப்படித்தான்.

இந்தப் பழைய மாற்றத்தை நீக்காமல் அமைப்புகள் பகுதியிலும் இயற்கை உருட்டலை இயக்கினால், பழைய செயலிகளில் திசை இருமுறை திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். கணக்கில் −1 × −1 = +1. தமிழிலும் இவ்வாறே, 'பணம் இல்லாமல் இல்லை' என்றால் பணம் இருக்கிறது என்றே பொருள். அமைப்பை மாற்றியும் பயனில்லையே என்று வருந்துபவர் முதலில் தேட வேண்டியது, வேறெங்கோ இருக்கும் இரண்டாவது 'இல்லை'யைத்தான்.

இன்று பல லினக்ஸ் வகைகளில் எக்ஸ் முறைமையின் இடத்தை வேலேண்ட் பிடித்துள்ளது. அங்கே எக்ஸ் முறைமைக்குரிய பழைய கட்டளைகள் சுட்டியின் திசையை மாற்றா. பிழைச் செய்தி எதுவும் வராமலும் போகலாம் என்பதால் கட்டளை இட்டவர் ஏமாறுவார். வேலேண்டில் டெஸ்க்டாப் சூழலின் அமைப்புகள் வழியாக மாற்றுவதே முறை.

பள்ளிக் கணினி அறையில் வேறொரு சிக்கலும் உண்டு. இந்த அமைப்பு பயனர் கணக்கைச் சார்ந்தது. அண்ணனுக்கும் தங்கைக்கும் வீட்டில் தனித்தனிக் கணக்கு இருந்தால் அவரவர் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். அறையில் எல்லா மாணவர்க்கும் ஒரே கணக்கு என்றால், முதல் வகுப்பில் ஒருவர் மாற்றியது அடுத்த வகுப்பில் அமர்பவரின் கையைக் குழப்பும். தேர்வு நேரத்தில் அந்தக் குழப்பம் சில நிமிடங்களை விழுங்கிவிடும். மாற்றியவரே எழுந்து செல்லுமுன் பழையபடி வைத்துச் செல்வதற்கு ஒரு விசையைத் தட்டும் நேரம்தான் ஆகும்.

அருஞ்சொற்பொருள்

உருளை – சுட்டியின் நடுவில் சுழலும் சிறு சக்கரம்
தொடுபலகை – விரலால் தடவி இயக்கும் மடிக்கணினிப் பகுதி
செயலி – கணினியில் ஒரு வேலையைச் செய்யும் நிரல்
மிகை – அளவுக்கு மேற்பட்டது

பயிற்சி

1. புதிய சுட்டி வாங்கியும் மாணவியின் சிக்கல் ஏன் தீரவில்லை?
2. தொடர்வண்டியின் சன்னல் எந்த உருட்டல் முறைக்கு உவமையாயிற்று? விளக்குக.
3. 'அவனுக்குத் தெரியாமல் இல்லை' – இத்தொடரின் பொருளை 'இல்லை' என்னும் சொல் வராமல் எழுதுக. இதுபோல் மேலும் இரண்டு தொடர்கள் அமைக்க.
4. வீட்டிலோ பள்ளியிலோ உள்ள கணினியில் உருளை எந்த முறையில் இயங்குகிறது என்று பார்த்து, ஐந்து வரிகளில் எழுதுக.