ஏஐ பார்த்த தங்கம்: நகைக்கடை நம்பிக்கைகளும் உண்மைகளும்

தேனியிலிருந்து கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை வழியாக வருசநாடு போகிற சாலையோரத்து ஊர்களில் நகை வாங்குவதற்கு இரண்டு வழிதான் இருந்தது. அவசரத்துக்கு உள்ளூர்ச் சின்னக் கடை. கல்யாணம், காதுகுத்து என்றால் தேனிக்கோ மதுரை தெற்காவணி மூல வீதிக்கோ பஸ் ஏறுவது. இப்போது மூன்றாவதாக ஒன்று கைபேசிக்குள் வந்து நிற்கிறது: ஏஐ டிசைன், ஏஐ தரச் சோதனை, ஏஐ விலைக் கணிப்பு. விற்கிறவரும் வாங்குகிறவரும் இதைப் பற்றி நம்புகிறவற்றில் பாதி தவறு. மீதியில் பெரும்பகுதி, வேறு யாரோ செய்கிற வேலைக்கு ஏஐ பெயர் வாங்கிக்கொள்வது.

நம்பிக்கை: ஏஐ மெஷினில் வைத்தால் தங்கத்தின் தரம் துல்லியமாகத் தெரிந்துவிடும்.

நகையைப் பெட்டிக்குள் வைத்து மூடினால் சில விநாடிகளில் திரையில் 91.6 என்று காட்டுகிறதே, அது எக்ஸ்ஆர்எஃப் கருவி. எக்ஸ் கதிர் பட்டதும் ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரை உமிழும். அதை அளந்து தங்கம் இவ்வளவு, செம்பு இவ்வளவு, வெள்ளி இவ்வளவு என்று கருவி கணக்குச் சொல்கிறது. இயற்பியல்தான் இது, செயற்கை நுண்ணறிவுக்கு இதில் வேலை இல்லை. டாட்டாவின் தனிஷ்க் 1990களின் பிற்பகுதியிலேயே 'காரட் மீட்டர்' என்ற பெயரில் இந்தக் கருவியைக் கடைக்குள் வைத்து, வேறு இடத்தில் வாங்கிய நகையையும் கொண்டுவந்து சோதித்துக்கொள்ளச் சொன்னது. 22 காரட் என்று நம்பிக் கழுத்தில் போட்டிருந்தது அந்தத் தரத்தில் இல்லை என்பது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

கருவிக்கும் எல்லை உண்டு. தங்கத்தில் அது படிப்பது மேற்பரப்பிலிருந்து சில மைக்ரான் ஆழம் மட்டுமே. முலாம் கனமாக இருந்தால் உள்ளே இருப்பது அதற்குத் தெரியாது. நம் பக்கத்துப் பாட்டிகளின் தண்டட்டி, பாம்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய உருப்படிகளில் மேலே தங்கத் தகடு, உள்ளே அரக்கு. கருவி தகட்டின் தரத்தைச் சரியாகவே சொல்லும். மொத்த எடையில் அரக்கு எத்தனை கிராம் என்று சொல்லாது. உருக்கினால்தான் தெரியும் என்று கடைக்காரர் சொல்வதில் சூது எதுவும் இல்லை. ஆனால் உருக்குவதை உங்கள் கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள்.

கடைசித் தீர்ப்பு இன்றும் நெருப்பிடம்தான். ஹால்மார்க் மையத்தில் மாதிரி வெட்டி எடுத்து, ஈயமும் வெள்ளியும் சேர்த்து உலையில் வைத்து, மற்ற உலோகங்களை ஓட்டிவிட்டு, நைட்ரிக் அமிலத்தால் வெள்ளியைப் பிரித்து, மிஞ்சும் சுத்தத் தங்கத்தை நிறுக்கிறார்கள். உங்கள் நகைக்கு வாக்குக் கொடுப்பது இந்த வேலையும் அதை அடுத்து பொறிக்கப்படும் எச்யூஐடி முத்திரையும். 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் கட்டாயமான இடங்களில் எழுத்தும் எண்ணும் கலந்த இந்த ஆறிலக்க அடையாளம் இல்லாத நகையை விற்கக் கூடாது. 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த ஆறிலக்கத்தை அடித்தால் நகையின் தரம், வகை, சோதித்த மையம் ஆகியவை வரும். கையில் சங்கிலி இருக்க, செயலி மோதிரம் என்று காட்டினால் அங்கேயே எழுந்துவிடலாம். வீட்டிலிருக்கும் நகையைக்கூட அங்கீகாரம் பெற்ற மையத்தில் கொடுத்துச் சோதிக்கலாம். நான்கு உருப்படி வரை 200 ரூபாய்க் கட்டணம், வரி தனி. ஹால்மார்க் நகையில் தரம் குறைந்திருந்தால், குறைந்த தரத்துக்கான தொகையைப் போல இரண்டு மடங்கும் சோதனைச் செலவும் இழப்பீடாகத் தர வேண்டும் என்று விதியே இருக்கிறது. தவறாகச் சொன்னால் பணம் தருவேன் என்று எந்த ஏஐ செயலியும் எழுதிக் கொடுப்பதில்லை.

இரண்டு விலக்குகளை மட்டும் நினைவில் வையுங்கள். 2 கிராமுக்குக் குறைந்த உருப்படிக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை; மூக்குத்தியும் குழந்தைத் தோடும் பெரும்பாலும் இதற்குள் வந்துவிடும். ஆண்டுக்கு 40 லட்சத்துக்குள் விற்கும் கடைக்கும் விலக்கு உண்டு. ஆனால் பவுன் 90 ஆயிரம் என்றால் 40 லட்சத்துக்கு 45 பவுன்கூட வராது. 'நாங்க சின்னக் கடைங்க' என்று சொல்கிறவர் உண்மையில் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறாரா என்று யோசிக்க இடமிருக்கிறது.

நம்பிக்கை: கம்ப்யூட்டர் பில் போட்டால் சேதாரத்தில் ஏமாற்ற முடியாது.

சேதாரம் 8 சதவீதமா, 18 சதவீதமா என்பதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது மனிதர். சேதாரத்துக்கும் செய்கூலிக்கும் அரசு உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. மெஷின் கட்டிங் சங்கிலிக்கும் கைவேலைப்பாட்டுக்கும் ஒரே சேதாரம் போட்டாலும் மென்பொருள் வாய் திறக்காமல் பெருக்கிக் கொடுத்துவிடும். பில்லில் நிகர எடை, கல் எடை, காரட், சேதாரம், ஹால்மார்க் கட்டணம் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். தராசில் இந்த ஆண்டின் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். அதைக் கண்காணிக்கிற தொழிலாளர் துறை தேனியிலும் உண்டு.

நம்பிக்கை: தங்கம் நாளை ஏறுமா இறங்குமா என்று ஏஐ சொல்லிவிடும்.

சொல்லாது. 2024 ஜூலை 23 அன்று மத்திய பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள். அன்றே சென்னையில் பவுனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் விழுந்தது. அதுவரையிலான விலையை எல்லாம் கரைத்துக் குடித்த கணிப்பு நிரலுக்கும் நிதியமைச்சர் பையில் என்ன இருந்தது என்று தெரிய வழியில்லை. அந்தச் சரிவைப் பார்த்து இன்னும் இறங்கட்டும் என்று காத்திருந்தவர்கள், 2025 அக்டோபரில் பவுன் 90 ஆயிரத்தைத் தாண்டியதையும் பார்த்தார்கள். கல்யாணத் தேதி குறித்தவர் செயலியைப் பார்த்துக் காத்திருப்பது சூதாட்டம்தான், நாகரிகமான பெயரில்.

நம்பிக்கை: இனி போனிலேயே போட்டுப் பார்த்து வாங்குவார்கள், கடைக்கு வேலை இருக்காது.

இதற்குச் சென்னையிலேயே நல்ல விடை இருக்கிறது. 2008-இல் மிதுன் சச்சேதி தொடங்கிய காரட்லேன், இணையத்தில் மட்டுமே நகை விற்கும் எண்ணத்தோடு வந்த நிறுவனம். கேமராவில் முகத்தைக் காட்டினால் காதில் தோடு தொங்குவதுபோல் காட்டுகிற செயலியைப் பத்தாண்டுக்கு முன்பே கொண்டுவந்தார்கள். 2016-இல் டைட்டன் அதில் பெரும்பங்கை வாங்கியது. 2023-இல் நிறுவனர் தரப்பின் மீதிப் பங்கை 4,621 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. தொழில்நுட்பம் விலைபோனது என்று இதைப் படிக்கலாம். ஆனால் அந்த ஆண்டில் காரட்லேனுக்கு 200-க்கு மேற்பட்ட நேரடிக் கடைகள் இருந்தன. திரையில் மட்டும் நகை விற்க வந்தவர்கள் ஊர் ஊராக ஷட்டர் திறந்தார்கள்.

காரணம் கடினமானது அல்ல. செயலி முகத்தில் கண், மூக்கு, காது எங்கே என்று கண்டுபிடித்து அங்கே படத்தை ஒட்டுகிறது. தோடு காதை இழுக்குமா, திருகு இறுகுமா, வளையல் முன்கையில் நிற்குமா மணிக்கட்டில் விழுமா என்று அதனால் சொல்ல முடியாது. நூறு டிசைனில் பத்தை ஒதுக்கி வைக்க அது உதவும், அதுவரை சரி. அதோடு, நம் ஊரில் நகை வாங்குவது ஒருவர் முடிவு அல்ல. தாய்மாமன் போடுகிற சங்கிலி எத்தனை பவுன் என்று கடைக்குள் ஒரு சபையே கூடி முடிவுசெய்கிறது. அதில் பாதிப் பேர் வாங்குகிறவர் அழைக்காமலே வந்தவர்கள்.

நம்பிக்கை: ஏஐ டிசைன் போட்டுவிடும், ஆசாரிக்குப் பிழைப்பு போய்விடும்.

காலம் தப்பிய கவலை. ஆசாரியின் பிழைப்பில் கைவைத்தவை ஏஐக்கு முன்பே வந்துவிட்டன: அச்சு, வார்ப்பு, சங்கிலி பின்னும் மெஷின், கம்ப்யூட்டரில் வரைந்து மெழுகில் அச்சிட்டு உருக்கி ஊற்றும் முறை. கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் இவை எல்லாம் வழக்கமாகி வெகுநாள் ஆகிறது. தேனிக் கடைகளுக்கு வரும் சரக்கில் கணிசமானது அந்த வழியில் செய்ததுதான்.

ஏஐ கொடுப்பது படம். படத்தில் கல் அந்தரத்தில் நிற்கும், கொக்கி எங்கும் இணையாது, தகட்டுக்குத் தடிமன் இருக்காது. 'இதே மாதிரி மூணு பவுன்ல வேணும்' என்று வாடிக்கையாளர் படத்தைக் காட்டும்போது, அது மூன்று பவுனில் அடங்குமா, பற்ற வைத்த இடம் தாங்குமா என்று சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் பட்டறையில் இருக்கிறார். வாடிக்கையாளர் மனதில் இருப்பதை வாயால் விளக்கித் திண்டாடுவதைவிட இந்தப் படம் மேல் என்பது உண்மை. ஆசாரியின் வேலையைக் கொஞ்சம் எளிதாக்கவும் செய்கிறது.

நம்பிக்கை: ஏஐ கேமரா இருந்தால் திருட்டு நடக்காது.

2019 அக்டோபர் 2 அதிகாலை, திருச்சி லலிதா ஜுவல்லரியின் சுவரில் துளை போட்டு உள்ளே போனவர்கள் முகமூடி போட்டிருந்தார்கள். மோப்ப நாய்க்கு மிளகாய்ப் பொடி தூவியிருந்தார்கள். போனது சுமார் 13 கோடி ரூபாய் நகை. கேமரா எல்லாவற்றையும் அழகாகப் பதிவு செய்தது. வழக்கில் முதல் பிடி கிடைத்தது திருவாரூரில் போலீஸ் நடத்திய வாகனச் சோதனையில். 2021 டிசம்பரில் வேலூர் ஜோஸ் ஆலுக்காஸில் சுமார் 16 கிலோ எடுத்துப்போன ஆள், சிங்க முகமூடியோடு வந்து கேமராக்கள் மேல் ஸ்ப்ரே அடித்துவிட்டார். முகம் அறியும் மென்பொருளுக்கு முகம் வேண்டும்.

நள்ளிரவில் உள்ளே ஆள் அசைந்தால் கைபேசிக்கு எச்சரிக்கை அனுப்பும் கேமரா பயனுள்ளதுதான். கரண்டும் சிக்னலும் இருக்கும் வரை. மலையடிவாரத்தில் அந்த இரண்டையும் நம்பிக் கடை வைத்தவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சின்னக் கடையில் நகை போவது பெரும்பாலும் பட்டப்பகலில், தட்டுக்குள் கவரிங்கை வைத்துவிட்டுத் தங்கத்தை எடுக்கிற கைமாற்றில். இரவு கடை கட்டும்போது தட்டுத் தட்டாக நிறுத்து எழுதுகிற பழக்கத்துக்கு மேல் எந்தக் கேமராவும் வராது.

நம்பிக்கை: ஏஐ பெரிய கடைகளுக்குத்தான், நமக்கு எதற்கு?

இதுதான் கடைக்காரர்களுக்கு மெய்யாகவே நஷ்டம் தருகிற நம்பிக்கை. மூன்று ஆண்டு விற்பனையை ஒரு அட்டவணையில் போட்டுக் கொடுத்தால், எந்த எடை மோதிரம் அலமாரியிலேயே தூங்குகிறது, எது வந்த வாரத்திலேயே போகிறது என்று சொல்வது ஏஐக்கு எளிய வேலை. பவுன் 90 ஆயிரத்தைத் தாண்டிவிட்ட பிறகு விற்காத நகையில் முடங்கும் பணத்துக்கு வட்டி என்னவாகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சீட்டுத் தவணை நினைவூட்டல், வாட்ஸ்அப் செய்தி, நகை விவரக் குறிப்பு இவற்றையும் தமிழிலேயே எழுதி வாங்கலாம். ஒருமுறை படித்துத் திருத்திவிட்டு அனுப்பினால் போதும்.

ஆனால் விலைக்கு வாங்குகிற ஆயத்த மென்பொருளை அப்படியே நம்பக் கூடாது. அது தந்தேரஸுக்கும் தீபாவளிக்கும் சரக்கு ஏற்றச் சொல்லும். வருசநாட்டுக்குப் பணம் வருவது வேறு கணக்கில். இலவங்காய் வெடிக்கும் கோடையில், முந்திரி இறங்கும்போது, தேங்காய்க்கும் முருங்கைக்கும் விலை கிடைக்கும்போது. கம்பம் பக்கம் திராட்சை, போடிப் பக்கம் ஏலக்காய் ஏலத்தின் விலை. அதன்மேல் தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்கள், ஆடிப்பெருக்கு. இலவம்பஞ்சு பொய்த்த ஆண்டில் காதுகுத்துத் தள்ளிப்போகும் என்பது கடைக்காரருக்குத் தெரியும். அதை எங்கும் எழுதி வைக்காததால் மெஷினுக்குத் தெரியாது. விற்பனை அட்டவணையில் பக்கத்திலேயே ஒரு பத்தி ஒதுக்கி 'பஞ்சு விலை', 'மழை', 'முகூர்த்தம்' என்று குறித்துக் கொடுத்தால் கணிப்பு உருப்படியாகும்.

கொடுக்கும்போது ஒன்றை நீக்கிவிட்டுக் கொடுங்கள். யார், எந்த ஊர், எந்தத் தெரு, எத்தனை பவுன் வாங்கினார், வீட்டில் எப்போது கல்யாணம் என்ற பட்டியல் திருடனுக்குக் கிடைத்தால் அவனுக்கு வேறு வழிகாட்டி தேவையில்லை. அதை இலவசச் சாட்பாட்டில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன. வாடிக்கையாளரின் விவரத்துக்குக் கடைக்காரர்தான் பொறுப்பு. பெயர், போன் நம்பர், முகவரிப் பத்திகளை அழித்துவிட்டு, உருப்படி, எடை, தேதி, விலை ஆகிய நான்கை மட்டும் கொடுத்தாலே சரக்குக் கணக்கு வந்துவிடும்.