பெர்க்லியில் இடம் கிடைத்த பிரீமெட் மாணவர் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

மார்ச் கடைசியில் யூசி பெர்க்லியின் முடிவு வருகிறது. டாக்டராக வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைக்கு அங்கே இடம் கிடைத்துவிட்டால் வீட்டில் மகிழ்ச்சியோடு ஒரு குழப்பமும் வரும். அங்கே சேரலாமா, போட்டி சற்றுக் குறைந்த வேறு கல்லூரிக்குப் போகலாமா? பதில் சொல்லப் பொதுவாக மே 1 வரை நேரம் உண்டு. அதற்குள் கீழே உள்ளவற்றை இதே வரிசையில் பாருங்கள்.

முதலில், பிரீமெட் என்றால் என்ன என்பதில் தெளிவு வேண்டும். பிளஸ் டூ முடித்ததும் எம்பிபிஎஸ் சேரும் முறையைப் பார்த்து வளர்ந்த பெற்றோர் பலர் இதை ஒரு படிப்பு என்றே நினைக்கிறார்கள். பெர்க்லியில் அந்தப் பெயரில் மேஜர் கிடையாது. மாணவர் எந்த மேஜரிலும் பட்டம் பெறலாம். கூடவே வேதியியல், உயிரியல், இயற்பியல் போன்ற முன்தேவைப் பாடங்களை முடித்து, எம்கேட் என்ற நுழைவுத்தேர்வை எழுதி, நான்காண்டு மருத்துவக் கல்லூரிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். யூசி சான் பிரான்சிஸ்கோ மருத்துவக் கல்லூரி வளைகுடாவின் மறுகரையில்தான் இருக்கிறது என்றாலும், பெர்க்லி மாணவருக்கு அங்கே இடம் உறுதி என்று யாரும் சொல்வதில்லை.

அடுத்தது விசா. எச்-4 விசாவில் உள்ள பிள்ளைக்கு 21 வயதானதும் அந்த விசா செல்லாது. அதன்பின் எஃப்-1 மாணவராக விண்ணப்பித்தால், பல மருத்துவக் கல்லூரிகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களைப் பரிசீலிப்பதே இல்லை. பிள்ளையின் விசா நிலை என்னவாகும் என்று தெரியாமல் மற்ற கணக்குகளைப் போட்டுப் பயனில்லை.

மூன்றாவதுதான் முக்கியமானது: ஜிபிஏ என்ற மதிப்பெண் சராசரி. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் சேர்பவர்களின் சராசரி 3.8-ஐ ஒட்டியும், எம்கேட் மதிப்பெண் 528-க்கு 512-ஐ ஒட்டியும் இருக்கிறது. முதலாண்டில் 3.0 எடுத்த ஒரு மாணவர் மூன்றாமாண்டு முடிவில் விண்ணப்பிக்கிறார் என்று வையுங்கள். அப்போது மொத்தம் 3.7 வர வேண்டுமானால், மீதி இரண்டு ஆண்டும் அவர் 4.05 எடுக்க வேண்டும். விண்ணப்பத்தில் ஏ பிளஸுக்கும் 4.0-க்கு மேல் மதிப்பு கிடையாது. எம்கேட்டை இன்னொரு முறை எழுதலாம்; முதலாண்டு மதிப்பெண் கடைசிவரை கூடவே வரும். அறிவியல் பாடங்களின் சராசரியைத் தனியாகவும் கணக்கிடுகிறார்கள். பள்ளியில் முதலிடம் பெற்றவர்களே நிறைந்த வகுப்பில், மற்றவர்களோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும் பாடங்களும் உண்டு. பாடவாரியாக எத்தனை பேர் ஏ வாங்கினார்கள் என்று பெர்க்லிடைம் தளத்தில் பார்க்கலாம். வேதியியல் 1ஏ, 3ஏ, உயிரியல் 1ஏ, இயற்பியல் 8ஏ ஆகியவற்றைப் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள்.

அதன்பின் ஒரு நாள் நேரில் போய்வாருங்கள். பிமென்டல் ஹாலில் சுமார் 500 பேர் அமரும் விரிவுரை எப்படி நடக்கிறது என்று பிள்ளை பார்க்கட்டும். அந்தக் கூட்டத்தில் பேராசிரியர் யாரையும் தேடி வரமாட்டார். அவருடைய ஆபீஸ் ஹவர்ஸுக்குப் போய், புரியாததைக் கூச்சமில்லாமல் கேட்கிற பிள்ளைக்குப் பெர்க்லி அள்ளித் தரும். மருத்துவக் கல்லூரி கேட்கும் பரிந்துரைக் கடிதங்களும் அப்படிப் பழகிய பேராசிரியர்களிடமிருந்தே வர முடியும். ஆசிரியர் பெயர் சொல்லி அழைத்தால்தான் வாய் திறக்கிற பிள்ளை என்றால், சிறிய கல்லூரியை முன்னே வையுங்கள் என்றே சொல்வேன். அதில் குறைவு எதுவும் இல்லை.

பெர்க்லியில் அனுபவம் பெறும் வாய்ப்புகளுக்குப் பஞ்சமில்லை. வீடற்றவர்களுக்காக மாணவர்கள் நடத்தும் சூட்கேஸ் கிளினிக் 1989-இலிருந்து இயங்குகிறது. இளநிலை மாணவர்கள் பேராசிரியர்களின் ஆய்வில் சேர யூராப் என்ற திட்டம் இருக்கிறது. ஆனால் இவற்றுக்கும் போட்டி உண்டு. பத்து இடங்களில் தலைகாட்டுவதைவிட ஒரே இடத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் உழைப்பது மேல்.

பணத்தையும் எழுதிப் பாருங்கள். கடன் வாங்கி மருத்துவம் முடிப்பவர்களுக்குப் பட்டத்தின்போது சுமார் 2 லட்சம் டாலர் கடன் இருப்பது சாதாரணம். ஆகவே முதல் நான்காண்டில் மிச்சமாகும் ஒவ்வொரு டாலரும் பின்னால் உதவும். கலிபோர்னியா குடும்பங்களுக்கு யூசியின் பலம் இதுதான். மற்ற கல்லூரி உதவித்தொகை தந்திருந்தால் அதையும் நான்காண்டுக்குக் கூட்டி ஒப்பிடுங்கள்.

கடைசியாக, பிள்ளையிடம் கேளுங்கள்: "மருத்துவம் வேண்டாம் என்று நாளைக்குத் தோன்றினால், இந்த இரண்டில் எங்கே இருக்க விரும்புவாய்?" பிரீமெட் என்று தொடங்கும் பலர் பாதியில் வேறு வழி போகிறார்கள். பதிலைத் திருத்தாமல் கேளுங்கள். மேஜரையும் அந்தப் பதிலிலிருந்தே தேர்ந்தெடுக்கலாம். மூலக்கூறு உயிரியல்தான் எடுக்க வேண்டும் என்று எந்த மருத்துவக் கல்லூரியும் கட்டாயப்படுத்துவதில்லை.

பெர்க்லி என்று முடிவானால், முதல் பருவத்தில் வேதியியல், கணிதம், உயிரியல் மூன்றையும் ஒன்றாக எடுக்க வேண்டாம். அறிவியல் பாடம் ஒன்றோ இரண்டோ போதும். கூடவே ஓர் எழுத்துப் பாடமும், ஆசைப்பட்ட பாடம் ஒன்றும் இருக்கட்டும். ஸ்டூடன்ட் லேர்னிங் சென்டரின் படிப்புக் குழுவில் முதல் தேர்வுக்கு முன்பே, இரண்டாம் வாரத்துக்குள் சேர்ந்துவிட வேண்டும்.