அட்வான்ஸ் வாங்கும் முன்

பாளையங்கோட்டை

அன்பு மருமகனுக்கு,

நீ அனுப்பிய பாட்டுகளைக் கேட்டேன். கிட்டாரைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. சொற்களைப் பற்றிச் சொல்லலாம். நம்மூர்ப் பேச்சை நம்மூர்ப் பேச்சாகவே விட்டிருக்கிறாய், சினிமாக்காரர்களின் கிராமத்துத் தமிழாக்கிக் கெடுக்கவில்லை. அதனால்தான் மெனக்கெட்டு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய் முழுநேரமும் பாட்டும் எழுத்துமாக இருந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். ஒரு கம்பெனி அட்வான்ஸ் தருகிறது, வாங்கலாமா என்பதைக் கடைசி வரியில் ஒட்டவைத்திருக்கிறாய். என் கணக்கில் முதல் கேள்வி சின்னது, கடைசி வரிதான் பெரியது. ஒரு பாட்டுக்காரன் சுயாதீனமாக இருக்கிறானா என்பதற்கும் அவன் குடியிருக்கும் ஊருக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. வேலைக்குப் போகிறானா, இல்லையா என்பதற்கும் சம்பந்தம் இல்லை. சொல்லும் மெட்டும் யார் பேரில் இருக்கின்றன, காசு யாரிடமிருந்து வருகிறது என்ற இரண்டையும் பார்த்தால் போதும், ஆள் யாருடையவன் என்று தெரிந்துவிடும்.

இதற்குச் சாட்சி தேடி அமெரிக்கா போக வேண்டாம். தானே எழுதி, தானே மெட்டுக்கட்டி, தன் வாத்தியத்தோடு ஊர் ஊராகப் போய்ப் பாடிப் பிழைத்தவர்கள் நம் பக்கத்து வில்லுப்பாட்டுப் புலவர்கள். கோயில் கொடைக்கு நாள் குறித்ததும் ஊரில் தலைக்கட்டு வரி பிரிப்பார்கள்; அதிலிருந்து புலவருக்கு அச்சாரம் போகும். பாட்டைக் கேட்கப்போகிறவனே முன்கூட்டிக் காசு கொடுத்துவிடுகிறான், நடுவில் கம்பெனி கிடையாது. வில், வீசுகோல், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை என்று மொத்தச் செட்டும் ஒரு வேனில் அடங்கிவிடும். சுடலைமாடன் கதை எதிரே உட்கார்ந்திருக்கும் கிழவிக்கும் தெரியும். ஆனால் இந்த வருசம் இந்த ஊரில் அதை எங்கே நீட்டுவது, எந்த ஊர் நடப்பை நடுவில் இழுத்துவிடுவது என்பது புலவர் கையில். சுப்பு ஆறுமுகத்தைப் பார். 1928-இல் நெல்லைச் சீமையில் பிறந்து, கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் மூலம் சென்னை போனவர். கலைவாணருக்கும் பிறகு நாகேஷுக்கும் நகைச்சுவைப் பகுதிகள் எழுதினார். அந்த வசனங்களை நாம் நடித்தவர்கள் பேரிலேயே நினைவு வைத்திருக்கிறோம். காந்தி கதையை வில்லில் பாடியதோ அவர் பேரில் நிற்கிறது. 2021-இல் பத்மஸ்ரீ வந்ததும் வில்லிசைக்காகத்தான். ஆகவே சென்னைக்குப் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எது கூலிவேலை, எது தன் சொத்து என்ற பிரிவினை அவர் வாழ்க்கையில் துலக்கமாகத் தெரிகிறது, அது உனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சொத்து என்பது உணர்ச்சிப் பேச்சில்லை, சட்டத்தில் அதற்கு உருவம் உண்டு. ஒரு பாட்டில் மூன்று சொத்துகள் இருக்கின்றன: எழுதிய வரிகள், போட்ட மெட்டு, ஸ்டுடியோவில் பதிந்த ஒலிப்பதிவு. நீ எழுதி, நீயே மெட்டமைத்து, உன் காசில் பதிந்தால் மூன்றும் உன்னுடையவை. கம்பெனி பதிவுக்குச் செலவழித்தால் மூன்றாவது அதற்குப் போகும், அது நியாயம். ஒரே கையெழுத்தில் முதல் இரண்டையும் சேர்த்து அள்ளிக்கொள்வதில்தான் வில்லங்கம். 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, பாட்டாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிய ராயல்டிப் பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது என்று ஆக்கினார்கள். உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருசத்துக்கு என்று தாளில் போடாவிட்டால் ஐந்து வருசம் என்றும், எந்த எல்லைக்கு என்று போடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் ‘நிரந்தரமாக’, ‘உலகம் முழுவதும்’ என்ற சொற்களை ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் மறப்பதே இல்லை. உனக்கு வந்த தாளில் அவை எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று முதலில் தேடு. உன் வரிகளின் ஆயுள் நீ வாழும் காலமும் அதன் பிறகு 60 வருசமும். நீட்டுகிற அட்வான்ஸ் அத்தனை காலத்துக்கும் சேர்த்தா என்று கேள்.

இதில் பாரதியைவிடப் பெரிய சாட்சி கிடையாது. செல்லம்மாளின் ஊரான கடையத்தில் இருந்த அந்தக் கடைசி வருசங்களில், 1920-இல், தன் நூல்களையெல்லாம் தானே அச்சிட்டு விற்கப் பெரிய திட்டம் போட்டு, அதற்குக் கடன் கேட்டு அன்பர்களுக்கு அறிக்கை அனுப்பினார். பணம் சேரவில்லை. 1921-இல் போய்ச் சேர்ந்துவிட்டார். பிறகு உரிமைகள் துண்டு துண்டாகக் கைமாறின. இசைத்தட்டுக்கும் படத்துக்குமான உரிமை ஏவி.மெய்யப்பனிடம் வந்து சேர்ந்தது. 1948-இல் வந்த ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டு ஒன்றைப் பயன்படுத்தியதற்காக டி.கே.சண்முகம் சகோதரர்களுக்கு வழக்கு வந்தது. நாடே கொதித்து, 1949-இல் சென்னை அரசாங்கம் உரிமைகளை எடுத்துக்கொண்டு, பிறகு பொதுவாக்கியது. பாரதிக்காக நாடு கொதித்தது. உனக்காகவோ எனக்காகவோ பாளை மார்க்கெட்கூடக் கொதிக்காது. அது பழங்கதை என்றால் 2021-இல் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’யைப் பார். சினிமா இல்லாமல் உலகம் சுற்றிய தமிழ்ப் பாட்டு. எழுதியது யார், மெட்டு யாருடையது, யார் பேர் முன்னால் வர வேண்டும் என்பதில் வெளிப்படையாகவே மனத்தாங்கல் வந்தது. 2024-இல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு பைசாவும் வரவில்லை என்று பொதுவில் சொன்னார். வெளியிட்ட நிறுவனம் மறுத்தது. தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. அவ்வளவு பெரிய ஆட்களுக்கே கணக்கு முடிய வருசக்கணக்காகும் என்றால் நீ எழுத்தில் வாங்காத எந்த வாக்கையும் நம்பாதே என்பதற்காகச் சொல்கிறேன்.

‘மாமா, வில்லுப்பாட்டுக்கு ஊர் இருக்கிறது, ராக்குக்கு நெல்லையில் யார் இருக்கிறார்கள்?’ என்று கேட்பாய். நீ பித்தாக இருக்கிறாயே அந்த அமெரிக்கத் தெற்கத்தி ராக், அது எங்கே வளர்ந்தது? 1969-இல் ஆரம்பித்த ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட் நியூயார்க்கில் போய் உட்காரவில்லை; ஜார்ஜியாவில் மேக்கன் என்ற நடுத்தர ஊரில் இருந்தது, அவர்கள் தட்டை வெளியிட்ட கேப்ரிகார்ன் கம்பெனியும் அங்கேதான். அலபாமாவில் டென்னசி ஆற்றங்கரையில் மசில் ஷோல்ஸ் என்ற சிற்றூர் ஸ்டுடியோவைத் தேடி 1967-இல் அரீதா ஃபிராங்க்ளினே போனார். அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பிய பேட்டர்சன் ஹுட், மைக் கூலி ஆகியோரின் டிரைவ்-பை டிரக்கர்ஸ், 2001-இல் ‘சதர்ன் ராக் ஆபரா’ என்ற இரட்டை ஆல்பத்தை வெளியிட்டபோது நண்பர்களிடமும் ரசிகர்களிடமும் கடன் வாங்கித்தான் முடித்தார்கள். பெரிய கம்பெனி அதை எடுத்து மறுவெளியீடு செய்தது அடுத்த வருசம், சரக்கு தயாராகிக் கையில் இருந்த பிறகு. பாரதி 1920-இல் கேட்டதும் அதே மாதிரிக் கடன்தான். அவருக்கு ஆள் சேரவில்லை, இவர்களுக்குச் சேர்ந்தது. அங்கே டிக்கெட் எடுத்துக் கேட்கும் பழக்கம் உண்டு, இங்கே கச்சேரி என்றாலே இனாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டிரம்ஸும் கிட்டாரும் நம் ஊருக்குப் புதிதில்லை. பாளையங்கோட்டைக் கிறிஸ்தவக் கோயில்களில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனால் தெரியும். குறவஞ்சியில் பெத்லகேமைப் பாடிய வேதநாயக சாஸ்திரியார் 1774-இல் இந்தச் சீமையில் பிறந்தவர்தான். கல்லூரி விழா, புத்தகத் திருவிழா மேடை, சின்ன வாசகர் கூட்டம் என்று ஐம்பது பேர் வரும் இடங்களைப் பைய பைய சேர்த்துக்கொண்டு போ. ஐந்நூறு பேர் ஆளுக்குக் கொஞ்சம் முன்பணம் கொடுத்தால் ஒரு ஆல்பத்துக்குக் காணும், அந்த ஐந்நூறு பேரும் ஒரே நாளில் சேரமாட்டார்கள்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு, நீ கேட்கவில்லை, நானே கேட்டுக்கொள்கிறேன். கேட்கிறவனே காசு கொடுப்பதை மெச்சிச் சொன்னேனே, நம் சீமையில் அந்தக் காசுக்குச் சாதி உண்டு. வரி பிரிக்கும் கோயில் பெரும்பாலும் ஒரு சாதிக்காரர் கோயில். நம்மூர்ச் சொல்லும் அடிக்கிற தாளமும் உள்ள ஒரு இளைஞனைப் பார்த்தால் முதலில் வந்து கதவைத் தட்டுவது சினிமாக்காரன் இல்லை, சாதிச் சங்கக்காரன். எங்க ஆட்களைப் பற்றி ஒரு பாட்டுப் போட்டுக் கொடு தம்பி என்பான், கேட்ட தொகையும் கொடுப்பான். அந்த மாதிரிப் பாட்டுகள் பள்ளிக்கூடப் பையன்கள் போனில் ஓடுவதையும், கையில் சாதிக்கொரு நிறக் கயிறு கட்டுவதையும் நீ அறிவாய். 2023-இல் நாங்குநேரியில் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து ஒரு மாணவனை வெட்டினார்கள். மண்ணைப் பாடுகிறேன் என்று கிளம்புகிற இசைக்கு இந்தச் சறுக்கல் எங்கும் காத்திருக்கிறது. அதே தெற்கத்தி ராக்கின் லினர்ட் ஸ்கினர்ட் குழு, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலக் கூட்டமைப்பின் கொடியை மேடையில் தொங்கவிட்டதும் இதே சறுக்கல்தான். டிரக்கர்ஸ்காரர்களின் ஆல்பம் எனக்கு முக்கியமாகப்படுவது இதனால். அது லினர்ட் ஸ்கினர்ட் கதையையும், இனப் பிரிவினையைத் தூக்கிப்பிடித்த அலபாமா கவர்னர் ஜார்ஜ் வாலஸையும் ஒரே தட்டில் வைத்து, தன் ஊரை நேசிக்கிறவன் அதன் அசிங்கத்தோடு என்ன செய்வது என்று விடாமல் கேட்கிறது. அப்படிக் கேட்பது எழுத்தாளன் வேலை. நீ இரண்டுமாக இருப்பதில் உள்ள லாபம் இங்கேதான்: கிட்டார்க்காரன் மயங்கும் இடத்தில் எழுத்துக்காரன் முழித்திருக்கலாம்.

ஆனால் வேண்டாம் என்று சொல்ல வயிற்றில் தெம்பு வேண்டும். வேலையை இப்போது விடாதே என்று சொல்வது அதனால்தான். அக்கா பயப்படுகிறாள் என்பதற்காக இல்லை. சம்பளம், சங்கக்காரனுக்கும் கம்பெனிக்கும் ஒரேமாதிரி ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்று சொல்ல விடுகிறது. வேலை கற்பனையைத் தின்றுவிடும் என்று நீ சொல்வாய். வண்ணதாசன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே சிறுகதையும், கல்யாண்ஜி என்ற பேரில் கவிதையும் எழுதினார். 2016-இல் ‘ஒரு சிறு இசை’க்குச் சாகித்திய அகாதமி விருது வந்தது. அவர் எழுத்தில் எங்கே கற்பனை குறைந்திருக்கிறது என்று காட்டு பார்ப்போம். எதிர்ப்பக்கத்தில் புதுமைப்பித்தன் இருக்கிறார். பேனாவை மட்டும் நம்பினார், பத்திரிகையில் தேய்ந்து, சினிமாவுக்குப் போய், சொந்தப் படக் கம்பெனி முயற்சியிலும் கைசுட்டு, புனேயில் ‘ராஜமுக்தி’க்கு எழுதப் போன இடத்தில் காசநோய் முற்றி, 1948-இல் 42 வயதில் முடிந்தார். அவர் மேதை, இந்த ஏற்பாட்டிலும் அத்தனை எழுதினார் என்பது உண்மை. அந்த ஏற்பாடு நல்லது என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. பாட்டு வருமானம் ஒரு முழு வருசம், கொடைக் காலம் மட்டும் இல்லாமல் ஐப்பசி மழையிலும் சேர்த்து, வீட்டுச் செலவுக்குக் காணட்டும். அப்புறம் ராஜினாமாவைப் பற்றிப் பேசலாம்.

கடைசியாக, உன் பாட்டுகளிலேயே எனக்கு உறுத்துகிற ஒன்று. இரண்டு பாட்டில் மகுடம் ஒலிக்கிறது, உச்சமும் மந்தமும் தனித்தனியாகக் கேட்கும்படி நன்றாகவே பதிந்திருக்கிறாய். அது கணியான் கூத்துக்காரர்களின் வாத்தியம், சின்னஞ்சிறு சமூகம், சுடலை கோயில் கொடையை நம்பிப் பிழைக்கிறவர்கள். நாட்டார் இசை எல்லாருக்கும் பொது என்று நீ வாதிடலாம். பழைய மெட்டுக்கு உரிமையாளர் இல்லை என்பதும் சரிதான். ஆனால் தோலைத் தீயில் காய்ச்சி, சுருதி பார்த்து, உன் கிட்டாருக்கு இணங்கி வாசித்தது பொதுமக்கள் இல்லை, பேரும் வீடும் உள்ள இரண்டு மனிதர்கள். கம்பெனி உன்னிடம் நடந்துகொள்ளக் கூடாது என்று நான் மேலே எழுதியதெல்லாம் நீ அவர்களிடம் நடந்துகொள்வதற்கும் பொருந்தும். நீ அனுப்பிய விவரத் தாளில் பாட்டு, வரிகள், கிட்டார், பேஸ், மிக்ஸிங் எல்லாவற்றுக்கும் பேர் இருக்கிறது. மகுடத்துக்கு ‘நாட்டுப்புறக் கலைஞர்கள்’ என்று மட்டும் போட்டிருக்கிறாய். அதைத் திருத்து. அன்றைய கூலியாக என்ன கொடுத்தாய், பாட்டு ஓடினால் அவர்களுக்கு என்ன பங்கு என்று பேசியிருக்கிறாய், இரண்டையும் ஒப்பந்தத் தாளின் நகலோடு எனக்கு எழுது. கம்பெனிக்கு அதுவரை பதில் போடாதே.

அன்புடன்,
மாமா