கார் கண்ணாடி ஏற மறுக்கிறதா? மோட்டாரை மாற்றும் முன்...

திருச்செங்கோட்டுக்காரர்களுக்குத் தூசியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. போர் போடும் இடத்தில் ரிக் வண்டி காற்றழுத்தத்தில் வெளியே தள்ளும் கல்மாவு, பக்கத்தில் நிற்கும் பொலிரோவின் கதவு இடுக்கெல்லாம் புகுந்துவிடும். ஊருக்குள்ளேயே ஓடும் காருக்கும் சாலைப் புழுதியும் சித்திரை வெயிலும் போதும். பழைய சான்ட்ரோ, இண்டிகா, ஸ்விஃப்ட், இன்னோவா எதுவானாலும், வயதாக ஆகப் பவர் விண்டோ முக்கி முனகித்தான் ஏறும். பட்டறைக்குப் போனால் "மோட்டார் போச்சுங்க" என்ற பதில் சுலபமாக வந்துவிடுகிறது. ஆனால் கண்ணாடி மெதுவாக ஏறுகிறது என்றால் பெரும்பாலும் மோட்டார் மேல் தப்பில்லை. தூசி அடைத்துக் காய்ந்துபோன ரப்பர்தான் காரணம். அதை வீட்டு வாசலிலேயே சரிசெய்யலாம்.

1. முதலில் குறை எங்கே என்று பாருங்கள். இருட்டிய பிறகு என்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்து, உள்விளக்கைப் போட்டுக்கொண்டு ஸ்விட்சை அழுத்துங்கள். விளக்கு சற்று மங்கியும் கண்ணாடி அசையவில்லை என்றால், மோட்டாருக்குக் கரண்ட் போகிறது, ஏதோ இறுக்கிப் பிடித்திருக்கிறது. விளக்கும் மங்கவில்லை, சத்தமும் இல்லை என்றால் ஃபியூஸ், ஸ்விட்ச், வயர், மோட்டாரின் கார்பன் பிரஷ் ஆகியவற்றில் ஒன்று. 'டர்ர்' என்று மோட்டார் சுற்றியும் கண்ணாடி நகராவிட்டால் கதவுக்குள் கண்ணாடியை ஏற்றி இறக்கும் வைண்டிங் மெஷினின் கேபிளோ பிளாஸ்டிக் துண்டோ உடைந்திருக்கும். சுலபமாக இறங்கி, ஏற மட்டும் திணறினால் ரப்பர்.

2. என்ஜின் ஓடும்போது ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்கும், ஓடும்போது சுமார் 14 வோல்ட் கிடைக்கும். நான்கு கண்ணாடியும் ஒரேபோல மந்தமாக இருந்து, என்ஜின் ஓடும்போது சரியாகிவிட்டால், கதவைக் கழற்றாமல் பேட்டரியைப் பாருங்கள்.

3. இனி ரப்பர். முக்கால்வாசி வேலை இங்கேதான். கண்ணாடியை முழுதாக இறக்கினால், சட்டத்தின் இரு பக்கமும் மேலேயும் கண்ணாடி நுழைந்து ஓடும் பள்ளமான ரப்பர் சேனல் தெரியும். முதலில் ஈரம் படாமல் பழைய டூத் பிரஷால் தட்டி, வேக்குவம் கிளீனர் இருந்தால் உறிஞ்சி எடுங்கள். தண்ணீரை முதலிலேயே ஊற்றினால் கல்மாவு குழைந்து சேறாகி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு பனியன் வேஸ்ட் துணியைப் பிளாஸ்டிக் ஸ்கேலில் சுற்றி, கார் ஷாம்பு கலந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பள்ளத்துக்குள் விட்டு மேலும் கீழும் இழுங்கள். முதல் துணி கரிபோல வரும். துணி வெள்ளையாக வரும்வரை மாற்றி மாற்றித் துடையுங்கள். கதவின் வெளிப்பக்கம் கண்ணாடியை ஒட்டி ஓடும் பீடிங்கையும் விடாதீர்கள். அதன் உதட்டில் மணல் சிக்கினால்தான் கண்ணாடியில் நீளக் கோடுகள் விழும்.

4. ஸ்குரூ டிரைவர், கத்தி எதையும் அந்த இடுக்கில் விடக் கூடாது. சேனலின் உட்பக்கம் வெல்வெட் போன்ற மெல்லிய படலம் இருக்கும். அது சுரண்டப்பட்டால் கண்ணாடி இன்னும் இறுகும். கதவுக் கண்ணாடி டெம்பர் செய்தது என்பதால், இரும்பு முனை விளிம்பில் பலமாகப் பட்டால் மொத்தமும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும்.

5. நம் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பு அதிகம். வண்டியைக் கழுவிவிட்டு வெயிலில் அப்படியே காயவிட்டால், கண்ணாடி ஓரத்தில் வெள்ளைப் படிவு கட்டும். தொட்டால் சொரசொரவென்று இருக்கும் அந்தப் படிவு ரப்பரை உரசித் தின்னும். வினிகரில் நனைத்த துணியைச் சில நிமிடம் ஒற்றி வைத்துத் துடைத்து, நல்ல தண்ணீரால் அலசுங்கள். பெயின்ட் மேல் வழியவிடாதீர்கள்.

6. ரப்பரில் தடவ வேண்டியது சிலிகான் ஸ்பிரே, அது மட்டும்தான். தேங்காய் எண்ணெய், என்ஜின் ஆயில், கிரீஸ், டீசல் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அன்றைக்குக் கண்ணாடி வழுக்கிக்கொண்டு ஏறத்தான் செய்யும். சில வாரத்தில் எண்ணெய் தூசியை இழுத்துப் பசையாகிவிடும், பெட்ரோலிய எண்ணெயில் ரப்பரே ஊதிப் பிசுபிசுக்கும். பட்டறைகளில் எதற்கெடுத்தாலும் அடிக்கும் டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டவும் துருப்பிடித்த போல்ட்டைத் தளர்த்தவும் நல்லது. சாதாரண நீல-மஞ்சள் டப்பா ரப்பருக்கானது அல்ல.

7. அடிக்கும் முறை: ரப்பர் முழுதும் காய்ந்த பிறகு, டப்பாவோடு வரும் மெல்லிய குழாயைப் பொருத்தி, பள்ளத்துக்குள் மேலிருந்து கீழாக ஒரே சீராக அடியுங்கள். கொஞ்சம் ஊறவிட்டு, கண்ணாடியைப் பலமுறை ஏற்றி இறக்கி, ஓரத்தில் ஒட்டியதைத் துடைத்துவிடுங்கள். சிலிகான் முன் கண்ணாடியில் பட்டால் வைப்பர் ஓடும்போது மங்கலாகும். பிரேக் டிஸ்க்கில் பட்டால் ஆபத்து. ஆகவே காற்றடிக்கும்போது இந்த வேலை வேண்டாம்.

8. இவ்வளவும் செய்து இறுக்கம் குறையாவிட்டால், ரப்பர் வெயிலில் கெட்டிப்பட்டு வெடித்திருக்கிறதா என்று நகத்தால் அழுத்திப் பாருங்கள். வெடித்திருந்தால் சேனலை மாற்றிவிடுங்கள். மோட்டார் விலையோடு பார்த்தால் பெரும்பாலும் இது சின்னச் செலவு.

9. பழைய சன் ஃபிலிம் இன்னும் ஒட்டியிருக்கிறதா? ஓரம் உரிந்து சுருண்டால் அது சேனலுக்குள் மடங்கிக் கண்ணாடியைப் பிடிக்கும். உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில் ஃபிலிம் ஒட்டத் தடை விதித்து, மே 4 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஃபிலிமோடு ஓடும் வண்டி என்றால் உரித்து எடுக்க இரண்டு காரணம் ஆயிற்று.

10. கதவின் டோர் பேடைக் கழற்றத் துணிந்தால், முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். கைப்பிடிக் குழிக்குள்ளும் சின்ன மூடிகளுக்குப் பின்னாலும் ஸ்குரூ ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் எடுத்த பிறகே பேடை இழுக்க வேண்டும். பழைய பிளாஸ்டிக் கிளிப் உடையத்தான் செய்யும், ஸ்பேர் கடையில் சிலவற்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்காமல் உரித்து, திரும்ப ஒட்டுங்கள். அது இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே கசிந்து மிதியடியை நனைக்கும்.

11. மெஷினின் இரும்புத் தடம், ரோலர், இணைப்பு மூட்டு ஆகியவற்றில் பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு வெள்ளை லித்தியம் கிரீஸைக் கொஞ்சமாகத் தடவுங்கள். இது ரப்பரில் படக் கூடாது.

12. கத்தரிக்கோல் வடிவ மெஷினில் கண்ணாடியின் எடையைத் தாங்க முறுக்கிய ஸ்பிரிங் இருக்கும். மெஷினை இறுகப் பிடித்து வைக்காமல் மோட்டாரைக் கழற்றினால், மெஷினின் கை சட்டென்று சுழன்று விரலை வெட்டும். இதைத் தெரிந்த மெக்கானிக்கிடமே விடுங்கள்.

13. அந்தந்தக் கதவின் ஸ்விட்சில் ஏறாத கண்ணாடி, டிரைவர் பக்கத்து ஸ்விட்சில் ஏறுகிறதா? அப்படியானால் பெரும்பாலும் அந்தக் கதவின் ஸ்விட்சில் கரி பிடித்திருக்கிறது. பல பழைய வண்டிகளில் மோட்டாரின் கரண்ட் முழுதும் ஸ்விட்ச் வழியாகவே போகும். கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்துப் பலமுறை அழுத்திவிட்டால் பல சமயம் சரியாகிவிடும்.

14. கதவைத் திறந்து மூடும்போது மட்டும் பவர் விண்டோவுக்கு உயிர் வந்து போகிறதா? கதவுக்கும் தூணுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய்க்குள் வயர் மடங்கி மடங்கி உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கும். ஃபியூஸ் எரிந்தால் அதே ஆம்பியரில் போடுங்கள், கம்பியைச் சுற்றிவிடுவது தீப்பிடிக்கும் வேலை.

15. விடாமல் பலமுறை ஏற்றி இறக்கினால் மோட்டார் சூடாகித் தானாக நின்றுவிடும். அது பாதுகாப்பு ஏற்பாடு. சற்று ஆறவிட்டால் ஓடும். ஸ்விட்சை அழுத்தியபடி கதவுப் பேடைக் கையால் தட்டும்போது மட்டும் ஓடினால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. அப்போதுதான் மோட்டார் செலவு. காயலான் கடையில் வாங்கினாலும் 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிக் காட்டச் சொல்லி, இடது வலது பார்த்து வாங்குங்கள்.

16. நடுவழியில் கண்ணாடி இறங்கி நின்றுவிட்டால், ஒருவர் ஸ்விட்சை மேல்நோக்கி அழுத்த, இன்னொருவர் கண்ணாடியின் இரு பக்கமும் உள்ளங்கைகளை வைத்து மேலே தூக்க வேண்டும். ஏறியதும் சட்டத்தோடு அகலமான டேப் ஒட்டிவிட்டு வீடு வந்து சேருங்கள்.

17. கதவின் அடியில் சின்ன வடிகால் துளைகள் உண்டு. ஐப்பசி மழைக்கு முன் மூங்கில் குச்சியால் அடைப்பை எடுத்துவிடுங்கள். தண்ணீர் தேங்கினால் கதவும் துருப்பிடிக்கும், மோட்டாரும் கெடும்.

18. கடைசியாக ஒன்று. சுத்தம் செய்து சிலிகான் அடித்த கண்ணாடி, முன்பு திணறிய வேகத்தில் ஏறாது, முழு பலத்தோடு ஏறும். பழைய வண்டிகள் பலவற்றில் இடையில் கை சிக்கினால் தானாக நிற்கும் வசதி கிடையாது. பின்சீட்டில் குழந்தைகள் இருந்தால் டிரைவர் கதவிலுள்ள பூட்டு ஸ்விட்சைப் போட்டுவையுங்கள். ஒரு நிமிடம் கடையில் இறங்கினாலும் சாவியைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.