தேக்காக் கிளியும் ஒற்றைக் கோடும்

கிளி ஜோதிடம் அறியாத தமிழர் குறைவு. கூண்டைத் திறந்ததும் கிளி வெளியே வரும். அடுக்கி வைத்த சீட்டுகளில் ஒன்றை அலகால் எடுத்துப் போட்டுவிட்டு, நெல்மணி கிடைத்ததும் உள்ளே போய்விடும். 2010ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின்போது, லிட்டில் இந்தியாவில் இருந்த மணி என்னும் கிளி உலகச் செய்தியானது. காலிறுதி ஆட்டங்கள் நான்கிலும் வெற்றியாளரை அது சரியாக எடுத்தது. அரையிறுதியில் ஜெர்மனியை ஸ்பெயின் வெல்லும் என்றதும் பலித்தது. ஆனால் இறுதியாட்டத்துக்கு அது எடுத்த சீட்டு நெதர்லாந்து. ஜூலை 11 அன்று ஸ்பெயின் 1-0 என்று வென்றது.

செயற்கை நுண்ணறிவுத் துறையில் நிச்சயமின்மையைப் பற்றிய பாடம் ஒன்று உண்டு. முழு விவரம் தெரியாத நிலையில் ஒரு கணினி எதை எவ்வளவு நம்பலாம் என்பதே அதன் கேள்வி. அதை மணியை வைத்தே விளக்கிவிடலாம்.

பாடத்தின் அடிப்படை தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியாரின் தேற்றம். (தமிழில் எழுதினால் பெயரில் பேய் வந்து நிற்கிறது, என்ன செய்வது!) அவர் மறைந்தது 1761இல், கட்டுரை வெளிவந்தது 1763இல். சான்று வருவதற்கு முன்பே நம்மிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. சான்று அதைக் கூட்டும் அல்லது குறைக்கும். எவ்வளவு என்பதைத் தேற்றம் சொல்லும்.

கிளிக்கு எதிர்காலம் தெரியும் என்பதற்குப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வாய்ப்பு கொடுப்போம். தெரிந்த கிளி எப்போதும் சரியாகச் சொல்லும். தெரியாத கிளி பாதி நேரம் சரியாகச் சொல்லும். எனவே பலிக்கும் ஒவ்வொரு சீட்டும் நம் நம்பிக்கையை இரட்டிப்பாக்குகிறது. ஐந்து சீட்டுகளுக்குப் பிறகு அது 32 மடங்கு. அப்போதும் ஏறக்குறைய 31,000இல் ஒரு பங்குதான். நாம் வியந்தது 32 மடங்கைப் பார்த்து. எங்கிருந்து தொடங்கினோம் என்பதை மறந்துவிட்டோம்.

இன்னொன்றும் உண்டு. உலகில் 32 பிராணிகளை இப்படி உட்கார வைத்தால், சராசரியாக ஒன்று ஐந்தையும் சரியாகச் சொல்லிவிடும். செய்தியாளர் அந்த ஒன்றைத்தான் தேடிப் போவார். அதே ஆண்டு ஜெர்மனியின் பால் என்னும் எண்காலி எட்டுக்கு எட்டு சரியாகச் சொன்னது. 2008 ஐரோப்பியக் கிண்ணத்தில் ஆறில் இரண்டு தவறியதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? யூதேயா பெர்ல் 1988இல் எழுதிய நூலுக்குப் பிறகு இத்துறையில் வேரூன்றிய கருத்து ஒன்று இங்கே பொருந்தும். ஒரு விளைவுக்கு வேறொரு காரணம் தெரிந்துவிட்டால், முதலில் சந்தேகித்த காரணத்தின் மீதான நம்பிக்கை தானாகக் குறையும். திருட்டு எச்சரிக்கை மணி அடிக்கிறது. அந்நேரம் நிலநடுக்கம் என்று வானொலி சொன்னால், திருடன் மீதுள்ள சந்தேகம் குறைகிறது அல்லவா? பெர்லுக்கு 2011ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது.

கிளியில் இது வேடிக்கை. கோவிட் காலத்தில் இதே கணக்கு, தேக்காவுக்கு யார் வரலாம் என்பதைத் தீர்மானித்தது.

ஏஆர்டி கருவியை மறந்திருக்க மாட்டோம். இரண்டு கோடு என்றால் தொற்று, ஒற்றைக் கோடு என்றால் இல்லை. தொற்றியவர் நூறு பேரில் 80 பேரைக் கண்டுபிடிக்கும், தொற்றாதவர் நூறு பேரில் ஒருவரைத் தவறாகக் காட்டும் ஒரு கருவி என்று வைத்துக்கொள்வோம். 10,000 பேரில் 10 பேருக்கே தொற்று உள்ள குடியிருப்பில் இரண்டு கோடு வருபவர் சுமார் 108 பேர். உண்மையில் நோயுள்ளவர் 8 பேர். அதனால்தான் பிசிஆர் சோதனையில் உறுதி செய்ய வேண்டியிருந்தது. இப்போது 10,000 பேரில் 2,000 பேருக்குத் தொற்று உள்ள விடுதியை எடுத்துக்கொள்வோம். அங்கே இரண்டு கோடு ஏறத்தாழ 95 விழுக்காடு உண்மை. சிக்கல் ஒற்றைக் கோட்டில்தான். அது வந்த 8,320 பேரில் 400 பேர் நோயுடன் இருப்பார்கள், அதாவது 21 பேரில் ஒருவர். குடியிருப்பிலோ ஏறக்குறைய 5,000 பேரில் ஒருவர்.

கருவி ஒன்றுதான், கோடும் ஒன்றுதான். யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது.

வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் இருந்த சுமார் 3 லட்சம் பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்ததாக 2020 டிசம்பரில் அரசு அறிவித்தது. அவர்களின் ஞாயிற்றுக்கிழமைத் தேக்கா அந்த ஆண்டிலேயே நின்றுபோனது. 2021 செப்டம்பரில் ஒரு முன்னோட்டத் திட்டம் தொடங்கியது. தடுப்பூசி போட்ட ஊழியர்கள் வாரம் 500 பேர் வரை, ஆறு மணி நேரம் லிட்டில் இந்தியா போன்ற இடங்களுக்கு வரலாம். போகும் முன்பும் வந்த பிறகும் ஏஆர்டி உண்டு. ஆனால் ஒற்றைக் கோடு மட்டும் போதவில்லை. அண்மையில் தொற்று இல்லாத விடுதிகளிலிருந்தே ஆட்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்.

பேய்ஸ் கணக்குப்படி அது சரியான முறைதான். ஆனால் அந்த முன் நம்பிக்கை தனி மனிதரைப் பற்றியதன்று, அவர் படுத்துறங்கும் கட்டடத்தைப் பற்றியது. பக்கத்துக் கட்டிலில் படுத்தவரின் தொற்று தமக்கு வராதபோதும், அதன் கணக்கு அவரைப் பிடித்து வைத்தது. 21இல் ஒன்று என்ற எண்ணைத் தேற்றம் தரும். அந்த எண்ணுக்காக ஒருவரை எத்தனை மாதம் உள்ளே வைக்கலாம் என்பதை அது தராது. அதற்கு இரு பக்க இழப்பையும் எடை போட வேண்டும். தவறாக வெளியே விடுவதன் இழப்பை மருத்துவமனைப் படுக்கைகளில் எண்ணலாம். தவறாக உள்ளே வைப்பதன் இழப்பை எதில் எண்ணுவது? எங்கள் பாடத்தில் இதற்குப் 'பயன் சார்பு' என்று பெயர். கணினிக்கு அந்த எண்ணை நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பிறகு எண்ணிக்கை படிப்படியாகக் கூட்டப்பட்டது. வாரம் 500 பேர் என்றே இருந்திருந்தால், 3 லட்சம் பேரும் ஒருமுறை தேக்காவுக்கு வந்துபோக 600 வாரம் ஆகியிருக்கும்.