பாலை நிலத்தில் வெள்ளமும் வீடு வாங்குவோரும்

இரண்டாமாண்டு இளம் அறிவியல் (கணிதவியல்)

பாலை நிலத்தில் வீடு வாங்குகிறவர், குழாயில் தண்ணீர் வருமா என்று கேட்பார். வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்று கேட்கத் தோன்றாது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள டூசான் நகரில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய 11 அங்குலமே. ஊரின் வழியே செல்லும் சாந்தா குரூஸ் ஆற்றில் மழைநீர் ஓடும் நாட்கள் மிகச் சில.

ஆனால் 1983 செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும், பசிபிக் கடலில் தோன்றிய புயலொன்றின் ஈரக்காற்றால் சில நாட்களிலேயே ஆண்டு மழையில் பாதிக்கு மேல் கொட்டியது. ஆற்றில் வினாடிக்கு 52,700 கன அடி நீர் பாய்ந்தது. வெயிலில் இறுகிய மண் நீரை எளிதில் உறிஞ்சாது. தடுத்து நிறுத்தச் செடிகொடிகளும் குறைவு. ஆற்றின் கரையோ வண்டலும் மணலுமாய் இளகியது. ஆகவே நீர் மேலே ஏறியதைவிடப் பக்கவாட்டில் அரித்ததே பெருஞ்சேதம் விளைவித்தது. கரையோரக் கட்டடங்கள் நீரில் மூழ்கவில்லை. அடிமண் போய் ஆற்றுக்குள் சரிந்தன.

இங்கேதான் காப்பீட்டுச் சிக்கல் தொடங்குகிறது. அந்நாட்டில் சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. அதற்கென 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசே தனித் திட்டம் ஏற்படுத்தியது. எந்த ஓராண்டிலும் வெள்ளம் வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள இடங்களை வரைபடத்தில் கோடிட்டுக் காட்டுவார்கள். கோட்டுக்குள் உள்ள வீட்டை அரசின் கண்காணிப்பிலுள்ள வங்கியில் அடமானம் வைத்துக் கடன் பெற்றால், வெள்ளக் காப்பீடு கட்டாயம் என்பது 1973-ஆம் ஆண்டுச் சட்டம். கோட்டுக்கு வெளியே அக்கட்டாயம் இல்லை. பலர் எடுப்பதும் இல்லை.

இவ்வெள்ளத்துக்கு 'நூறாண்டு வெள்ளம்' என்று ஒரு பெயரும் வழங்குகிறது. கெட்ட பெயர் என்பேன். நூறாண்டுக்கு ஒருமுறைதானே, நம் காலத்தில் வராது என்று எண்ண வைக்கிறது. நிகழ்தகவுப் பாடத்தில் நாம் போடும் கணக்குத்தான்: ஓராண்டில் வராமலிருக்கும் வாய்ப்பு 0.99. அதை 30 முறை பெருக்கினால் 0.74. அதாவது 30 ஆண்டுக் கடன் தீருமுன் ஒருமுறையேனும் வெள்ளம் வர நூற்றுக்கு 26 பங்கு வாய்ப்பு உண்டு. நான்கில் ஒன்றுக்கும் சற்று அதிகம்!

கோட்டுக்கு வெளியே இருப்பவரும் நிம்மதி கொள்வதற்கில்லை. அது நீர் எவ்வளவு உயரும் என்று கணக்கிட்டு வரைந்த கோடு; கரை எவ்வளவு நகரும் என்று வரைந்ததன்று. 1983-இல் சரிந்த கட்டடங்களில் பல அக்கோட்டுக்கு வெளியே இருந்தவை. கட்டாயம் இல்லை என்று வங்கி சொல்வது கடனைப் பற்றிய பேச்சு, கரையைப் பற்றியதன்று.

காப்பீடு எடுப்பவரும் சில விதிகளை அறிய வேண்டும். அரசுத் திட்டத்தில் ஒரு குடும்ப வீட்டுக்கு உச்ச வரம்பு 2,50,000 டாலர். உள்ளிருக்கும் பொருள்களுக்கு 1,00,000 டாலர். கடன் பெறும்போதே அதற்கென எடுத்தால் உடனே நடைமுறைக்கு வரும். மற்றபடி பொதுவாக 30 நாள் காத்திருக்க வேண்டும். மேகம் கறுத்தபின் ஓடிப் பயனில்லை. நிலத்துக்கு இழப்பீடே கிடையாது. கட்டடத்தோடு மனையையும் ஆறு கொண்டுபோனால், மனையின் விலை போனது போனதுதான். கடன் மட்டும் நிற்கும். 2021 முதல் பிரிமியத்தை அந்தந்த வீட்டின் இடர்ப்பாட்டை எடைபோட்டு விதிக்கிறார்கள். கட்டாயத்துக்கோ இன்றும் அதே கோடுதான்.

டூசானில் பின்னர் மண்ணும் சிமெண்டும் கலந்து கரைகளைக் கட்டினார்கள். 1984 முதல் வெள்ள இடர் மிக்க வீடுகளையும் நிலங்களையும் உள்ளாட்சி நிர்வாகமே, விற்க முன்வருவோரிடமிருந்து விலைக்கு வாங்கி, வீடு கட்ட விடாமல் திறந்த வெளியாக வைத்து வருகிறது.