கோட்டுக்குள் ஒரு கோயில்

டிராயிங் வகுப்பு என்றாலே, "பிளான், எலிவேஷன், செக்‌ஷன்... போதும்டா சாமி!" என்று சலித்துக் கொள்கிறோம். அந்தக் கோடுகளுக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதை ஏதென்ஸ் நகரத்துக் கோயில் ஒன்றைக் கொண்டு விளக்க முற்படுகிறேன்.

பார்த்தினான் கோயிலைக் கிரேக்கர்கள் கி.மு. 447-இல் கட்டத் தொடங்கினர். முன்புறம் 8 தூண்கள், பக்கவாட்டில் 17. 1687-இல் துருக்கியர் அதில் வெடிமருந்து வைத்திருந்தபோது வெனிஸ் படையின் குண்டு விழுந்து நடுப்பகுதி சிதறியது. அதற்கு 13 ஆண்டுகள் முன்னால், 1674-இல், ஓர் ஓவியர் அதன் சிற்பங்களை வரைந்திருந்தார். அழிந்துபோன பல சிற்பங்களுக்கு இன்று அந்தப் படங்களே சாட்சி.

பின்னர் 1751-இல் ஸ்டூவர்ட், ரெவெட் என்ற இருவர் ஏதென்ஸ் சென்று, பழைய கட்டடங்களை அளந்து வரைந்தனர். முதல் தொகுதி 1762-இல் வெளிவந்தது. செப்புத் தகட்டில் கூரிய உளியால் கோடு கீறி, மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரக் காகிதம் வைத்து உருளையில் அழுத்துவார்கள். பள்ளத்து மை காகிதத்தில் ஏறும். படம் இடவலம் மாறி விழுமாதலால் தகட்டில் திருப்பித்தான் வரைய வேண்டும்!

இத்தகைய படங்களால் கிரேக்கப் பாணி எங்கும் பரவியது. நம்ம சென்னை ராஜாஜி மண்டபமும் கிரேக்கக் கோயில் சாயல்தான். 1802-இல் கோல்டிங்காம் கட்டி முடித்தது.

ஆனால் அழகான படமும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. பார்த்தினானின் தளம் பார்வைக்கு ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருக்கும். பென்ரோஸ் என்பவர் 1846-47-இல் நுட்பமாக அளந்தார். முன்புறம் சுமார் 31 மீட்டர் நீளத்தில் நடுப்பகுதி 6 செ.மீ. உயர்ந்திருந்தது, 69 மீட்டர் பக்கவாட்டில் 11 செ.மீ.! கண் ஏமாறும்; மட்டம் ஏமாறாது.

போடி மலைச்சரிவுகளில் விறகுச் சூட்டில் ஏலக்காய் உலர்த்திய பழைய ஸ்டோர்களை எண்ணிப் பாருங்கள். அடுப்பு எங்கே, சூட்டுக்குழாய் எப்படி வளைந்து போனது, காற்று எந்த வழியாக வெளியேறியது என்பதெல்லாம் கட்டின கொத்தனாருக்குத்தான் தெரியும். அவரும் போய், கட்டடமும் இடிந்தால் என்ன மிஞ்சும்?

ஆகவே நண்பர்களே, லீவு நாளில் உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, டேப்பும் டியூப் லெவலும் எடுத்துக்கொண்டு மலையேறுவோம். போட்டோ சும்மா முகத்தைக் காட்டும். அளந்த படமோ திரும்பக் கட்டவே வழிகாட்டும். இடிக்கிறவன் வருவதற்குள் அளக்கிறவன் போய்ச் சேர வேண்டும்!